பந்தைக் கிரீனிலிருந்து ஒப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் பந்துகளை ஒப்பிட்டு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம். அந்த வகையில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: டிரைவர் என்ற நீளமான கிளப்பால் ஓங்கி அடித்தால் எந்தப் பந்து அதிக தூரம் போகும்? அந்த வரிசையிலேயே மதிப்பெண்ணும் போட்டுவிட்டீர்கள். அடிக்கும்போது உணரும் ஃபீலுக்கு ஒரு வரி, பந்தின் சுழற்சியான ஸ்பின்னுக்கு ஒன்றரை வரி, அவ்வளவுதான்.

நான் நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதை அளந்தாலும் எங்கிருந்து, எதுவரை, எதற்காக என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பைப் பிரிப்பது என் வழக்கம். இப்போது காலை நேரமெல்லாம் கோல்ஃப் மைதானத்தில் போகிறது. அங்கே பார்த்ததையும் அளந்ததையும் வைத்துச் சொல்கிறேன்: பந்துகளை ஒப்பிட வேண்டுமானால் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும். டிரைவர் கடைசியில் வரட்டும்.

முதலில் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். பந்துக்கான விதிகளை வகுப்பவை ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. என்ற இரண்டு அமைப்புகள். எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. இயந்திரத்தை வைத்து மணிக்கு 120 மைல் வேகத்தில் அடித்துப் பார்த்தால், உருண்டு நிற்பது வரைக்குமான மொத்தத் தூரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: 317 யார்டு, அதற்கு மேல் 3 யார்டு சலுகை. பெரிய கம்பெனிகளின் முதல் தரப் பந்துகள் எல்லாமே அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், கோட்டைத் தாண்டினால் அந்தப் பந்தைப் போட்டியில் ஆட முடியாது.

தூரத்தைப் பற்றிய இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1.62 அங்குல விட்டமுள்ள சின்னப் பந்து ஒரு காலத்தில் பிரிட்டனில் செல்லுபடியானது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று அதற்குத் தனி மவுசு. 1974இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் அதை நிறுத்தினார்கள். 1990இல் மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் தூரச் சோதனையை இன்னும் கடுமையாக்கப் போவதாக இரண்டு அமைப்புகளும் அறிவித்தபோது எவ்வளவு கூச்சல்! மிக வேகமாக அடிக்கும் ஆட்டக்காரர்கள் 13 முதல் 15 யார்டு வரை இழப்பார்கள் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு எவ்வளவு? 5 யார்டுக்கும் குறைவு. கோல்ஃப் உலகமே இரண்டுபட்டு நின்ற விதிமாற்றம் நம்மைப் போன்றவர்களுக்கு 5 யார்டைக்கூடத் தாண்டாது என்றால், இன்று கிடைக்கும் இரண்டு நல்ல பந்துகளுக்கு இடையே நாம் தேடும் வித்தியாசம் என்னவாக இருக்கும்? டிரைவரின் முகத்தில் பந்து நடுவே படாமல் விரற்கடை தள்ளிப் பட்டாலே அதைவிட அதிகம் போய்விடும்.

தூரத்தில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக மென்மையான பந்து, வேகமாக அடிப்பவருக்குக் கொஞ்சம் குறைவாகவே போகும். எதிர்க்காற்றில் உயரே எழும்பும் பந்து தவிக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பார் 72, அதாவது 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில், டிரைவர் தேவைப்படாத குட்டையான பார்-3 குழிகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். மிச்சம் 14. ஒவ்வொன்றிலும் டிரைவர் எடுத்தாலும் ஒரு சுற்றுக்கு 14 அடிதான். கிரீனை நோக்கி அடிக்கும் அடியோ பதினெட்டுக் குழியிலும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களே மூன்றில் ஒரு கிரீனை உரிய அடிகளில் பிடிக்காமல் தவறவிடுகிறார்கள். நாம் தவறவிடுவது அதைவிட அதிகம். தவறிய ஒவ்வொரு முறையும் கையில் கிட்டத்து அடிக்கான வெட்ஜ் கிளப்தான், கண்ணெதிரே குழியின் கொடிதான். அங்கேதான் ஒரு பந்து நிற்கும், இன்னொன்று நிற்காது.

இதை என் வழக்கப்படி அளந்தே பார்த்தேன். கிரீனின் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, குட்டையாக வெட்டிய புல்லில் நின்றுகொண்டு, ஒரே வெட்ஜால் இரண்டு வகைப் பந்துகளை மாற்றி மாற்றி அடித்தேன். ஒன்று யூரித்தேன் மேலுறை உள்ளது. இன்னொன்று கெட்டியான ஐயனோமர் மேலுறை உள்ளது. சர்லின் என்று எல்லோரும் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். பந்து கொடியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்பதை நான் அளக்கவில்லை. அதில் என் கைத்தவறும் சேர்ந்துவிடும். கிரீனில் பந்து முதலில் விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும் அல்லவா, அதிலிருந்து பந்து நின்ற இடம் வரைக்கும்தான் டேப் பிடித்தேன். பறந்தது தனி, உருண்டது தனி என்று பிரித்தால்தான் பந்தின் குணம் தெரியும்.

யூரித்தேன் பந்து விழுந்தது, ஒரு குதி குதித்தது, இரண்டாவது குதியில் யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி தயங்கியது, அப்புறம் கொஞ்சம் ஊர்ந்து நின்றது. மற்றது அதே உயரத்திலிருந்துதான் விழுந்தது. ஆனால் அது தயங்கவே இல்லை. குதித்து, குதித்து, உருண்டு, கொடியைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டும் உருண்ட தூரத்துக்கு நடுவே நான் ஆற அமரப் பல எட்டு நடக்கலாம். ஒன்றில் அடுத்த பட், அதாவது குழிக்குள் உருட்டும் அடி, சுலபம். மற்றதில் இரண்டு பட்டில் முடித்தாலே நிம்மதி. ஸ்கோரில் முழுசாக ஓர் அடி வித்தியாசம் இது. டிரைவரில் 4 யார்டு கூடுதலாகப் போனதால் ஓர் அடி மிச்சமானது என்று ஸ்கோர் கார்டைக் காட்டி யாராவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இப்படி என்று தெரிய வேண்டுமானால் பந்தை அறுத்துப் பார்க்க வேண்டும். பழைய நூல் சுற்றிய பந்து ஒன்றை இடுக்கியில் இறுக்கி அறுத்தபோது, உள்ளே இருந்த ரப்பர் நூல் பட்பட்டென்று அறுந்து துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. 1898இல் கோபர்ன் ஹாஸ்கெல் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை அது; நூறு வருஷம் கோல்ஃபை ஆண்டது. இப்போதைய மூன்றடுக்குப் பந்தை அறுத்தால் நூல் எதுவும் இல்லை. நடுவில் பெரிய ரப்பர் கரு, அதைச் சுற்றி மெல்லிய கெட்டியான அடுக்கு, அதற்கும் மேலே யூரித்தேன் தோல். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. ஆனால் வேலையெல்லாம் அங்கேதான். வெட்ஜால் அடிக்கும்போது அந்த மென்மையான தோல், உள்ளே இருக்கும் கெட்டி அடுக்குக்கும் வெளியே வெட்ஜின் முகத்துக்கும் நடுவில் நசுங்குகிறது. முகத்தின் கோடுகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. பந்து வழுக்காமல் சுழன்று கிளம்புகிறது. பங்க்கர் என்ற மணற்பள்ளத்திலிருந்து நன்றாக வெட்டியடித்த பிறகு பந்தைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். தோலில் மெல்லிய கீறல்கள் தெரியும். ஐயனோமர் பந்தில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். பலர் அதையே தரம் என்று நினைக்கிறார்கள்.

டிரைவர் விஷயம் வேறு. அந்த வேகத்தில் பந்து முழுவதுமே அமுங்குகிறது. கரு வரைக்கும் அடி போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரே பந்தை டிரைவரில் குறைவாகச் சுழலவும் வெட்ஜில் அதிகமாகச் சுழலவும் வைக்க முடிகிறது. தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரால் அடித்தால் பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுழல்கிறது. பிட்சிங் வெட்ஜால் அடித்தால் 9,000ஐத் தாண்டும். நூல் சுற்றிய பந்துக் காலத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. ஸ்பின் வேண்டும் என்றால் பலாட்டா தோல் போட்ட மென்மையான பந்து. தூரமும் உழைப்பும் வேண்டும் என்றால் கல் மாதிரியான பந்து. 2000இல்தான் அந்தக் காலம் முடிந்தது. அந்த ஆண்டு கெட்டிக் கரு கொண்ட பல அடுக்குப் பந்துக்கு மாறிய டைகர் உட்ஸ், பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். ஓப்பனை ஸ்கோரில் 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அக்டோபரில் டைட்லிஸ்ட் கம்பெனியின் புரோ வி1 பந்து போட்டிக் களத்துக்கு வந்தது. அதன் பிறகு ஓரிரு ஆண்டுகளில் நூல் பந்து முன்னணிப் போட்டிகளிலிருந்து காணாமல் போய்விட்டது. டிரைவருக்கும் வெட்ஜுக்கும் தனித்தனிக் குணம் காட்டக்கூடிய பந்தைச் செய்யத்தான் அத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். அதை டிரைவரால் மட்டும் சோதித்துப் பார்ப்பது அந்த உழைப்பில் பாதியைப் பார்க்காமல் விடுவது.

ஸ்பின் என்றாலே தூரத்துக்குப் பகை என்ற தொனியும் உங்கள் கட்டுரையில் இருக்கிறது. எடின்பரோவில் பேராசிரியராக இருந்த பி.ஜி. டெய்ட் 1890களிலேயே இதற்குப் பதில் கண்டுவிட்டார். பின்னோக்கிச் சுழலும் பந்தைத்தான் காற்று தூக்கிப் பிடிக்கிறது. அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் பந்து சீக்கிரமே தரைக்கு வந்துவிடும். பந்தின் மேலே உள்ள சின்னச் சின்னக் குழிகளும் அந்தக் காற்றோட்டத்துக்காகத்தான். குழியே இல்லாத வழவழப்பான பந்து, ஏறத்தாழப் பாதித் தூரம்தான் போகும். ஆனால் குழியின் எண்ணிக்கையை வைத்துப் பந்தை எடைபோடுவது வீண் வேலை. ஒரே கம்பெனியின் புரோ வி1இல் 388 குழி, புரோ வி1 எக்ஸில் 348 குழி. இரண்டுமே முதல் தரப் பந்துகள்தான்.

ஸ்பின் அளவுக்கு மீறினால்தான் சிக்கல். டிரைவரில் பந்து அடிக்கடி வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின் சுழற்சி ஒன்று, பக்கச் சுழற்சி இன்னொன்று என்று பந்தில் இரண்டு இருப்பதில்லை. இருப்பது ஒரே சுழற்சி. அதன் அச்சு சாய்ந்தால் பந்து வளையும். சுழற்சி அதிகமானால் வளைவும் அதிகமாகும். அப்படிப்பட்டவருக்குக் குறைவாகச் சுழலும் இரண்டடுக்குப் பந்து உண்மையிலேயே உதவும். பந்தைத் தேடுவதிலேயே பொழுது போகிறவரிடம் யூரித்தேனை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பந்து ஃபேர்வே என்ற குட்டைப் புல் பாதையில் கிடக்கும் அளவுக்கு ஆட்டம் வந்தவருக்குத்தான் என் பேச்சு. உங்கள் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தால்கூட இந்தக் குழப்பம் வந்திருக்காது.

சரி, ஃபீல். "மென்மையான பந்து இதமாக இருக்கும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். கம்ப்ரஷன் என்ற எண் அதைத்தான் காட்டுகிறது: எண் சிறிதானால் பந்து எளிதில் அமுங்கும், பெரிதானால் அமுங்காது. ஆனால் கையில் உணர்கிறோம் என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு காதுக்குப் போகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லி வினாடிதான். கை அதை உணர்ந்து சொல்வதற்குள் பந்து எங்கோ போயிருக்கும். என்னோடு ஆடும் நண்பர்களைக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பட் செய்யச் சொன்னேன். கெட்டிப் பந்து, மென்மையான பந்து என்று அதுவரை அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறிப் போனார்கள். பஞ்சை எடுத்ததும் பட்டரில் ஒன்று "டிக்" என்றது, மற்றது "டொப்" என்றது. உடனே சரியாகச் சொன்னார்கள்.

அதற்காக ஃபீலை நான் ஒதுக்கவில்லை. பட்டில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு பலமாக அடித்தோம் என்று மனசு கணக்குப் போடுகிறது. சத்தம் பிடிக்காத பந்தை நம்பி மூன்றடி தூரப் பட்டைக்கூட நிம்மதியாக அடிக்க முடியாது. மெதுவாக அடிப்பவர்கள் மென்மையான பந்தைத்தான் வாங்க வேண்டும், அப்போதுதான் "அமுக்க" முடியும் என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் கட்டுரையும் அதை அப்படியே சொல்கிறது. மெதுவாக அடித்தாலும் எந்தப் பந்தும் அமுங்கத்தான் செய்யும். மென்மையை அதன் இதத்துக்காக வாங்கலாம். தூரம் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

வாசகர்கள் தாங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் சில விஷயங்கள். பயிற்சித் திடலில் கொடுக்கும் பந்துகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை உழைப்பதற்காகச் செய்த கெட்டிப் பந்துகள்; பறப்பதும் நிற்பதும் வேறு மாதிரி. புதுப் பந்துகளை மைதானத்துக்குக் கொண்டுபோய், கூட்டமில்லாத நேரத்தில் கிரீன் ஓரமாக நில்லுங்கள். ஒரு வகையை முழுக்க அடித்துவிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போகக் கூடாது. ஒன்று விட்டு ஒன்று அடியுங்கள். அப்போதுதான் காற்று மாறுவதும் கை சலிப்பதும் இரண்டுக்கும் சமமாகப் போகும். ஆகச் சிறந்த அடியை வைத்துப் பெருமைப்படாமல், நடுத்தரமாக விழுந்தவற்றை அளந்து வையுங்கள். வெட்ஜில் ஒட்டிய புல்லை ஒவ்வோர் அடிக்கும் துடைத்துவிடுங்கள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கினால் எந்தத் தோலும் உதவாது. பந்து சுழலாமல் பறந்துவிடும்.

அப்புறம், பனி ஈரம் இருக்கும் காலையில் ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை என இரண்டு வேளையும் பாருங்கள். ஈரத்தில் எல்லாப் பந்தும் ஸ்பினை இழக்கும், விரலிடுக்கில் சோப்பு நழுவுவது போல முகத்தில் மேலேறி வழுக்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவு இழப்பதில்லை. அதிகாலையில் ஆடுகிறவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான சோதனை என்பேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் எந்த வாசகமும் இதைச் சொல்லாது. கிரீனில் முடித்த பிறகு ஐயன் என்ற நடுத்தரத் தூரக் கிளப்களுக்கு வாருங்கள். 7 ஐயனால் அடித்த பந்து எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, விழுந்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டிரைவருக்கு வரும்போது மிச்சமிருக்கும் ஒரே கேள்வி, பந்து நேராகப் போகிறதா என்பதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு நிலையாக இருப்பது பெரிய விஷயம். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் வேறு பந்துக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் முன்னணித் தொழில்முறைப் போட்டிகளில், ஆரம்பித்த அதே வகைப் பந்தையே சுற்று முடியும் வரை ஆட வேண்டும் என்று தனி விதி போட்டுவிடுகிறார்கள். கஷ்டமான குழிக்கு ஒரு பந்து, சுலபமான குழிக்கு வேறு பந்து என்று மாற்றிச் சாதகம் தேடக் கூடாது என்பது அதன் நோக்கம். நாமாகவே அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் பலன் உண்டு. பையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து ஆடுகிறவருக்கு, கிரீன் ஓரத்திலிருந்து சிப் செய்த பந்து ஏன் இன்று நின்றது, நேற்று ஏன் ஓடியது என்று ஒருநாளும் பிடிபடாது. தன் கையைச் சந்தேகப்பட்டு, நன்றாக இருந்த அடியையும் மாற்றிக் கெடுத்துக்கொள்வார். எத்தனையோ பேர் அப்படி வதைபடுவதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் பந்துகளை ஒப்பிடும்போது, ஒவ்வொரு பந்துக்கும் இவற்றையும் தயவுசெய்து போடுங்கள்: மேலுறை யூரித்தேனா ஐயனோமரா, எத்தனை அடுக்கு, கம்ப்ரஷன் எவ்வளவு, வெட்ஜால் அடித்தால் விழுந்த பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம் உருண்டது, காய்ந்த புல்லிலும் ஈரப் புல்லிலும் தனித்தனியாக. டிரைவர் தூரத்தைப் போடுவதானால் எந்த வேகத்தில் அடித்துப் பார்த்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மணிக்கு 120 மைலில் அடிப்பவருக்கு வரும் எண், 80 மைலில் அடிக்கும் வாசகருக்கு எந்தப் பயனும் தராது. உங்கள் செய்தியாளர் அளக்க வருவதானால், டேப்பைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர்